விற்ற கார் இன்னும் உங்கள் பெயரில்தான் ஓடுகிறது

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். கணவருக்கு ராணிப்பேட்டையில் தோல் நிறுவனத்தில் வேலை. நிறுவனப் பேருந்தில் போய்வருகிறார். கார் பெரும்பாலும் ஆசிரியைக்குத்தான்: பள்ளிக்கு ஒரு வழி 12 கிலோமீட்டர், மாதம் ஒருமுறை சென்னையில் இருக்கும் மாமியார் வீடு.

2013 பதிவு கொண்ட தம்முடைய சிறிய பெட்ரோல் காரை ஏழு மாதத்துக்கு முன் வேலூரில் ஒரு தரகர் மூலம் விற்றிருக்கிறார். விற்பனையைத் தெரிவிக்கும் படிவம் 29, பெயர் மாற்றத்துக்கான படிவம் 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் எழுதப்படாமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கையில் இருப்பது தரகர் கையெழுத்திட்ட ஒரு டெலிவரி சீட்டு மட்டும். இப்போது கிருஷ்ணகிரி பக்கம் அதிவேகத்துக்காக 1,000 ரூபாய் அபராதச் சலான் அவருடைய செல்பேசிக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்பே வாணியம்பாடி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிகளில் அவருடைய ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்பட்டிருக்கிறது. கேட்டபோது, "சலானை விட்டுவிடுங்கள் மேடம், ஒன்றும் ஆகாது" என்றாராம் தரகர். அந்தக் காரின் காப்பீடு அடுத்த மாதம் முடிகிறது.

அதே தரகரிடம் இன்னொரு காருக்கு 50,000 ரூபாய் முன்பணமும் ஜி-பேயில் கொடுத்தாகிவிட்டது. 2016 மாடல், டெல்லிப் பதிவு, டீசல் எஸ்.யு.வி. விலை 4.75 லட்சம். தமிழ்நாட்டுப் பதிவில் இதே கார் ஏழு லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். டீசல் என்பதால் செலவு மிச்சம் என்பது கணவரின் கணக்கு. "டெல்லி நம்பரிலேயே ஓட்டலாம், காப்பீடு மார்ச் வரை இருக்கிறது" என்பது தரகரின் வாக்கு. வாங்கலாமா, வேண்டாம் என்றால் முன்பணம் திரும்புமா, யார் பெயரில் வாங்குவது என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் வாங்கப்போகும் காரைப் பற்றித்தான் இருக்கிறது. எனக்கோ விற்ற காரைப் பற்றித்தான் கவலை. மோட்டார் விபத்து வழக்குகளை நடத்துகிறவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. கார் மீது எனக்கும் தீராத ஆசை உண்டு. ஒரு காரை நல்லபடியாக வாங்குவதில் இருக்கும் மகிழ்ச்சி உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு முன் இந்தப் பழைய கணக்கு தீர வேண்டும்.

பணம் கைமாறினால் கார் கைமாறிவிட்டது என்று பொருளில்லை

சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டால் விற்பனை முடிந்தது என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சாலையில் அந்தக் கார் ஒருவர் மீது மோதினால், சட்டம் முதலில் பார்ப்பது பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30)ஆம் பிரிவு, யார் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அந்த வழக்கிலும் கார் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று பல கை மாறியிருந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. விபத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு முன்பே காரை விற்றுவிட்ட முதல் உரிமையாளர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது.

உயிரிழப்பு வழக்குகளில் இழப்பீடு பல லட்சங்களுக்குப் போகும். செல்லுபடியாகும் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது காரால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு, இருந்தால் அதைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும். இல்லையென்றால் உங்கள் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் ஜப்தி உத்தரவு வரும். அந்தக் காப்பீடு அடுத்த மாதம் முடிகிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். கடிதத்திலேயே என்னைத் திடுக்கிட வைத்த வரி அதுதான்.

ஆகவே வரிசையாகச் சிலவற்றைச் செய்யுங்கள். முதலில் அந்த ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளை அழித்துவிடாதீர்கள். எந்தத் தேதியில், எந்தச் சாவடியில், எத்தனை மணிக்கு உங்கள் கார் கடந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. நீங்கள் அந்த நேரத்தில் பள்ளியில் இருந்ததை வருகைப் பதிவேடு சொல்லும். கணக்கு அறிக்கையைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, அதன்பின் ஃபாஸ்டேக்கை வங்கியில் சொல்லி மூடுங்கள்.

அடுத்து, காரைப் பதிவு செய்திருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். விற்ற தேதி, தரகரின் பெயர், முகவரி, டெலிவரி சீட்டின் நகல், பணம் வந்த வங்கிப் பதிவு எல்லாவற்றையும் இணைத்து நேரில் கொடுத்து முத்திரை பெறுங்கள். ஒரு நகலை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 50ஆம் பிரிவு. நீங்கள் தாமதித்துவிட்டீர்கள், அதற்குச் சிறு தொகை கேட்டாலும் கட்டிவிடுங்கள். இந்தக் கடிதம் உங்கள் பொறுப்பை முழுதாக நீக்கிவிடாது. பெயர் மாறும்வரை நீங்கள்தான் பதிவு உரிமையாளர். ஆனால் கார் கைமாறியதை மறைக்காமல் தெரிவித்தீர்கள் என்பதற்கு அது சான்றாக நிற்கும். வாங்கியவரிடமிருந்து பணத்தை மீட்கும் நிலை வந்தாலும் உதவும்.

மூன்றாவது யோசனை உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். காப்பீடு முடியும் நாளுக்குள் பெயர் மாறாவிட்டால், விற்றுவிட்ட அந்தக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை நீங்களே புதுப்பியுங்கள். 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான காருக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 3,416 ரூபாய், வரி தனி. வேறொருவர் ஓட்டும் காருக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்ற கோபம் நியாயமானது. கட்டிவிட்டு அந்தத் தொகையையும் தரகரிடம் கேளுங்கள்.

சலான் விஷயத்திலும் தரகர் சொன்னது தவறு. அதை விட்டுவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகும், வாகனத்தின் பதிவுப் பணிகளும் நிறுத்தப்படலாம். அப்படி நின்றால் நமக்கு வேண்டிய பெயர் மாற்றமே தடைப்படும். ஓட்டியவர் யார் என்ற விவரத்தைத் தெரிவிக்க வேண்டிய கடமை 133ஆம் பிரிவின்படி பதிவு உரிமையாளருக்கு உண்டு. வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கு அந்த 1,000 ரூபாய்தான் முட்டுக்கட்டை என்றால், கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தரகர் 15 நாளுக்குள் பெயர் மாற்றித் தராவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பு, பிறகு காவல் நிலையத்தில் புகார், அதோடு நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு வழக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. அவருக்குத் தரகு கொடுத்ததற்கான ஆதாரம் மட்டும் வேண்டும்.

டெல்லியில் இருக்கும் அந்த முகம் தெரியாத மனிதர்

இப்போது அந்த எஸ்.யு.வி.க்கு வருவோம். அது ஏன் இவ்வளவு மலிவு? பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்கள் டெல்லியில் ஓடக் கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அண்மையில் நடைமுறையில் சில தளர்வுகள் வந்தாலும், பத்து ஆண்டை நெருங்கும் டீசல் காருக்கு அங்கே மதிப்பு சரிந்துவிடுகிறது. அதை அள்ளிக்கொண்டு வந்து நம் ஊர்களில் விற்கிறார்கள். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. உரிய முறையில் கொண்டுவந்தால் நல்ல கார்களும் கிடைக்கும்.

உரிய முறை என்பது இதுதான்: டெல்லி போக்குவரத்து அலுவலகத்தின் ஆட்சேபணை இல்லாச் சான்று, அதாவது படிவம் 28. கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் வங்கியின் சான்றும் படிவம் 35உம். பிறகு இங்கே படிவம் 27 கொடுத்து, காரின் வயதுக்கேற்பத் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி கட்டி, வேலூர்ப் பதிவான டி.என். 23 எண் வாங்க வேண்டும். வேறு மாநில எண்ணில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 47ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே "டெல்லி நம்பரிலேயே ஓட்டலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். வரி, போக்குவரத்து அலுவலகச் செலவு, தரகு எல்லாம் கூட்டிப் பார்த்தால் நீங்கள் கண்ட இரண்டேகால் லட்சம் வித்தியாசத்தில் நல்ல பகுதி கரைந்துவிடும்.

அதைவிட ஒன்று. அந்தக் காரின் ஆர்.சி.யில் இருக்கும் டெல்லிக்காரரும் உங்களைப் போலவே பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோனவராக இருக்கலாம். பெயர் மாற்றத்தில் அவருடைய ஆதார், செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. என்று ஏதாவது ஒரு கட்டத்தில் அவர் தேவைப்படுவார். அவர் போனை எடுக்காவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் காரை வாங்கியவர் இன்று எந்த நிலையில் இருக்கிறாரோ, அதே நிலையில் நீங்கள் போய் நிற்பீர்கள்.

"காப்பீடு மார்ச் வரை இருக்கிறது" என்பதும் பாதி உண்மைதான். கார் கைமாறும்போது 157ஆம் பிரிவின்படி தானாக உங்களுக்கு வருவது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டுமே. காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தானாக வராது. 14 நாளுக்குள் விண்ணப்பித்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதுவரை பள்ளிகொண்டா அருகே லாரி இடித்துக் கதவு நசுங்கினால் செலவு உங்களுடையது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் பெயர் மாறாதவரை உங்களுக்குக் கிடையாது.

இன்னொரு செய்தி, இது உங்களுக்குச் சாதகமானது. இழப்பீடு கோராமல் இருந்ததற்கான தள்ளுபடி காருக்கு உரியது என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். அது உங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டு கோரவில்லை என்றால் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் 50 சதவீதம் வரை குறையும். பழைய கார் பெயர் மாறியதும் அந்தச் சான்றை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, புதிதாக வாங்கும் காருக்குப் பயன்படுத்துங்கள்.

முன்பணம்

கொடுத்த அட்வான்ஸ் போனது போனதுதானோ என்று பயப்படுகிறீர்கள். அப்படி இல்லை. நீங்கள் காரணமின்றிப் பின்வாங்கினாலும், ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி நியாயமான ஈடு மட்டுமே அவர் எடுத்துக்கொள்ள முடியும். முக்கிய உண்மையை மறைத்தோ தவறாகச் சொல்லியோ உங்களைச் சம்மதிக்க வைத்திருந்தால், 19ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தையே ரத்துச் செய்து முழுத் தொகையையும் கேட்கலாம். டெல்லி எண்ணிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதைக் குறுஞ்செய்தியாக வாங்கி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போது கேள்வியாக அனுப்புங்கள். பதில் எழுத்தில் வரட்டும். ஜி-பேயில் கொடுத்ததால் பணம் போன சுவடு இருக்கிறது, அது நல்லது.

கூடவே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வணிகர்கள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அப்படிப்பட்டவரிடம் காரை ஒப்படைத்து இணையத்தில் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் தரகரிடம் அந்தச் சான்று இருந்திருந்தால் இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.

எந்தக் கார்?

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். அந்த எஸ்.யு.வி. வேண்டாம். உங்கள் ஓட்டம் மாதம் 900 கிலோமீட்டர் அளவுக்குத்தான் வருகிறது. பெட்ரோல் 101, டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் சிறிய பெட்ரோல் காருக்கு மாதம் சுமார் 5,700 ரூபாய் ஆகும். 13 தரும் பெரிய டீசல் வண்டிக்கு 6,400க்கு மேல் ஆகும். உங்கள் கணவர் டீசலையும் பெட்ரோலையும் ஒப்பிட்டார். ஒப்பிட வேண்டியது பெரிய வண்டியையும் சிறிய வண்டியையும். இதில் டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் என்று பத்து வயது டீசல் கேட்கும் பழுதுச் செலவைச் சேர்க்கவே இல்லை. உயரமான வண்டியின் கம்பீரம் எனக்கும் பிடிக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த டீசல் இழுவை தரும் சுகமே தனி. ஆனால் உங்கள் தேவை காலை எட்டேகாலுக்குத் தவறாமல் கிளம்பும் கார்.

மூன்று முதல் ஆறு வயதுக்குள், ஒரே உரிமையாளர் வைத்திருந்த, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குள் பதிவான பெட்ரோல் கார் தேடுங்கள். உரிமையாளரை நேரில் பார்த்துப் பேச முடியும் என்பதே அதில் பெரிய லாபம். அவரையும் அழைத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குப் போய்ப் பராமரிப்பு வரலாற்றை அச்செடுத்துப் பாருங்கள். கிலோமீட்டர் குறைக்கப்பட்டிருந்தால் அங்கேதான் தெரியவரும்.

உள்ளூர்க் கார் என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். 2021 நவம்பரில் பாலாறும் உங்கள் ஊர் கௌண்டன்யா ஆறும் பெருக்கெடுத்தது உங்களுக்கே தெரியும். சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்களும் சுத்தம் செய்யப்பட்டுச் சுற்றுகின்றன. முன் இருக்கையின் சீட் பெல்ட்டை நிறுத்தாமல் கடைசிவரை வெளியே இழுங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறையும் புழுங்கிய வாடையும் இருந்தால், எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் காரை விட்டு விலகிவிடுங்கள். பின்பக்கம் உபரி டயரை எடுத்து அந்தக் குழியில் மண் படிந்திருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பானெட்டைத் தூக்கினால் அதன் கீல்களில் இருக்கும் போல்ட்டுகளைக் கவனியுங்கள். தலையில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஏன் என்று கேளுங்கள். எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் இருக்கும் ஆண்டுக் குறி ஒன்றுபோல இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்தாறு வயதான டயரோடு சித்திரை வெயிலில் சென்னை நெடுஞ்சாலையில் போகாதீர்கள். பட்டன் தேயவில்லை என்று சொல்வார்கள். ரப்பர் வெயிலில் இறுகிப்போயிருக்கும்.

காரை முந்தைய இரவிலிருந்தே ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லி, காலையில் போய்ப் பாருங்கள். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். ரேடியேட்டர் நீர்த்தொட்டியில் நிறமுள்ள கூலன்ட் இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் இது முக்கியம். உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிவு அடைத்துப்போன ரேடியேட்டர்கள் இங்கே ஏராளம். 40 டிகிரி வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஏ.சி.யோடு நிற்கும்போது அவைதான் காரைக் கைவிடும். வாங்கிய பிறகு நீங்களும் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். நிறுவனம் சொன்ன கூலன்டை மட்டும் ஊற்றுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், 2023க்கு முந்தைய காராக இருந்தால் எரிபொருள் குழாய்களின் ரப்பரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சிறு தொகை முன்பணம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பம் ஏற்கப்பட்டு ரசீது வந்ததும் பெரும்பகுதி, புதிய ஆர்.சி. கைக்கு வந்ததும் மீதி. இதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சம்மதிக்காதவர் காரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, யார் பெயரில் வாங்குவது? தினமும் ஓட்டப்போவது நீங்கள், உரிமமும் உங்களிடம் இருக்கிறது. அந்த 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, உரிமையாளரே ஓட்டும்போதுதான் கிடைக்கும். சேர்த்து வைத்த தள்ளுபடியும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.